நான் மறைத்த மகரந்தம்

காஷ்மீர்ப் பள்ளத்தாக்கில் ஐயாயிரம் ஆண்டுகளுக்கு முன்புவரை, ஏன் அதற்குப் பிறகும்கூட, ஓக் காடு இருந்தது என்று எழுதியவள் நான். முதலில் ஆய்வேட்டில் எழுதினேன், பிறகு ஆய்விதழில். அப்புறம் எத்தனையோ வகுப்புகளில் திரும்பத் திரும்பச் சொன்னேன். ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் முன்பே அதற்கு எதிரான சான்று என் கையில் இருந்தது. அதை நான் யாருக்கும் காட்டவில்லை. அனுபவம் போதாமல் நேர்ந்த பிழை என்று சொல்லித் தப்பிக்க எனக்கு வழியில்லை. தெரிந்தேதான் செய்தேன்.

பழைய ஏரிகளின் சேற்றில் புதைந்த மகரந்தத்தைப் பிரித்தெடுத்து, எந்தக் காலத்தில் எந்த இடத்தில் என்ன மரம் நின்றது என்று சொல்வது என் தொழில். இப்போது ஓய்வு பெற்றுவிட்டேன். ஆய்விதழுக்குத் திருத்தக் குறிப்பு அனுப்பியாகிவிட்டது. அதில் எண்களைச் சரிசெய்யலாம். ஏன் செய்தேன் என்று சொல்ல அதில் இடமில்லை. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

தமிழ்நாட்டில் தானாக முளைத்து வளரும் ஓக் ஒன்றுகூடக் கிடையாது. நீலகிரியில் தேயிலைக்கு நிழல் தரும் சில்வர் ஓக் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது, அது வேறு குடும்பத்து மரம். திருநெல்வேலிப் பக்கத்தில் வளர்ந்த நான் உண்மையான ஓக்கை முதலில் கண்டது குமாவுன் மலையில், லக்னோவில் ஆராய்ச்சி மாணவியாகச் சேர்ந்த பிறகு. அங்கே அதை பாஞ்ச் என்கிறார்கள். இலையின் மேல்பக்கம் கரும்பச்சை; திருப்பினால் வெள்ளை வெளேரென்று அடர்ந்த முடி. கிளை முழுக்கப் பாசியும் பெரணியும் ஏறியிருக்கும். அடுப்புக்கு விறகு, மாட்டுக்குத் தழை, தொழுவத்தில் விரிக்கச் சருகு, எல்லாவற்றுக்கும் அந்த ஊர்ப் பெண்கள் பாஞ்ச் காட்டுக்குத்தான் ஏறுகிறார்கள். பாஞ்ச் நிற்கும் சரிவுக்குக் கீழே இருக்கும் ஊற்று கோடையிலும் வற்றாது என்று அவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அந்த மரத்தின் மேல் எனக்கு ஆசை பிடித்தது அங்கேதான். பின்னால் நான் செய்த தவறுக்கு அந்த ஆசையும் ஒரு காரணம்.

ஓக் மரத்தின் வரலாறு என்னை ஏன் அப்படி இழுத்தது என்று சொன்னால்தான் மற்றது புரியும்.

உலகில் சுமார் 430 ஓக் இனங்கள் இருக்கின்றன, பெரும்பாலும் வடக்கு அரைக்கோளத்தில். இதுவரை கிடைத்ததில் மிகப் பழைய உறுதியான சான்று ஆஸ்திரியாவில் எடுத்த மகரந்தத் துகள்கள். வயது ஏறக்குறைய 5.6 கோடி ஆண்டு. இந்திய நிலத்தட்டு தெற்கிலிருந்து நகர்ந்து வந்து ஆசியாவில் முட்டியதும் அந்தக் காலத்தை ஒட்டித்தான். வடக்கே ஓக் வம்சம் கிளைவிட்டுக்கொண்டிருந்தபோது நம் நிலம் அங்கே போய்ச் சேர்ந்தது. மோதிய இடத்தில் மலை எழும்பியது, எழும்பிய மலையின் சரிவுகளில் ஓக் குடியேறியது. கங்கைச் சமவெளியைத் தாண்டித் தீபகற்பத்துக்குள் அது வரவே இல்லை.

இந்த வம்சம் வெகு சீக்கிரத்தில் இரண்டாகப் பிரிந்தது. ஒரு கிளையின் இனங்கள் பெரும்பாலும் அமெரிக்கக் கண்டத்தில் இருக்கின்றன. ஐரோப்பாவின் புகழ்பெற்ற ரோபர் ஓக்கும் அந்தக் கிளைதான். மற்றொரு கிளை ஐரோப்பா, ஆசியா, வட ஆப்பிரிக்காவோடு நின்றுவிட்டது. அதில் மூன்று பிரிவுகள்: செரிஸ், ஐலெக்ஸ், கொட்டையின் கிண்ணத்தில் வளையம் வளையமாகக் கோடு விழுந்த ஒரு பிரிவு. சுமார் 250 இனங்களின் மரபணுவை ஒப்பிட்டு 2020-ல் வெளிவந்த பெரிய ஆய்வு இந்தப் பிரிவுகளையெல்லாம் காலக்கணக்கோடு நிறுவியது. மேற்கு இமயத்தின் ஓக்குகள் ஏறத்தாழ எல்லாமே ஐலெக்ஸ் பிரிவு. நடு உயரத்தில் பாஞ்ச், ரியாஞ்ச். அதற்கு மேலே மோரு. அதற்கும் மேலே, 3,000 மீட்டரைத் தாண்டியும் நிற்கிற கர்சு. வறண்ட கின்னோரிலும் அங்கிருந்து ஆப்கானிஸ்தான்வரையிலும் பலூட். பலியாண்ட் ஒன்றுதான் வளையக் கிண்ணப் பிரிவைச் சேர்ந்தது. எந்த மரம் எந்தப் பிரிவு என்கிற இந்த விவரத்தை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். என் பொய் உடைந்தது இதனால்தான்.

பலூட்டைப் பழைய தாவரவியலாளர்கள் மத்தியதரைக் கடலோரத்து ஐலெக்ஸ் ஓக் என்றே எழுதி வைத்திருந்தார்கள். அவ்வளவு ஒற்றுமை. ஸ்பெயினில் நிற்கும் அந்த மரத்துக்கும் கின்னோரில் நிற்கும் மரத்துக்கும் என்ன உறவு என்ற கேள்விக்கு 2019-ல் ஒரு விடை வந்தது: ஐலெக்ஸ் பிரிவு கிழக்காசியாவில் தோன்றி, திபெத்–இமயப் பகுதி வழியாக மேற்கே போய் ஐரோப்பாவை அடைந்தது. நாம் எல்லைச் சுவர் என்று பாடத்தில் படித்த இமயமலைதான் ஓக்குக்கு வழியாக இருந்திருக்கிறது. இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. மகிழ்ச்சி பாதி, குற்ற உணர்வு பாதி.

அந்த வழியில் ஓக் எப்படி நடந்தது என்று யோசித்தால் மலைப்பாக இருக்கும். ஓக் கொட்டையில் ஈரம் அதிகம். காய்ந்தால் செத்துவிடும், நெல்லைப்போல வருடக்கணக்கில் சேமித்து வைக்க முடியாது. கர்சுவின் கொட்டை மழைக்காலத்தில் முதிரும்; சில சமயம் மரத்திலிருந்து விழுவதற்கு முன்பே முளைவிட்டிருக்கும். கனமான கொட்டை தாய்மரத்தின் காலடியில் விழுகிறது, இல்லையென்றால் சரிவில் உருள்கிறது, இல்லையென்றால் ஜே பறவையோ அணிலோ கொஞ்ச தூரம் தூக்கிப் போகிறது. உயரமான பனிமலை ஒன்று குறுக்கே வந்தால் அதோடு நின்றது. மகரந்தம் நேர் எதிர். ஆண் பூங்கொத்துகள் சரம் சரமாகத் தொங்கி, காற்றில் பொடியைக் கோடிக்கணக்கில் விடுகின்றன. அது மலையைத் தாண்டும்.

மரபணுவிலும் இந்த வித்தியாசம் பதிந்திருக்கிறது. பசுங்கணிகத்தின் மரபணு தாய்வழியே மட்டும், அதாவது கொட்டை வழியே மட்டும் இறங்குகிறது. அதனால் ஒரே வட்டாரத்தில் நிற்கும் வேறு வேறு ஓக் இனங்களில்கூடப் பசுங்கணிக மரபணு ஒன்றுபோல இருப்பதுண்டு. உட்கருவின் மரபணுவோ மகரந்தத்தோடு வெகுதூரம் போய்க் கலக்கும். மகரந்தம் வந்த இடமெல்லாம் மரம் இருந்ததாகச் சொல்லிவிட முடியாது. இது எங்கள் துறையின் அரிச்சுவடி. இதை மீறித்தான் நான் எழுதினேன்.

இனி காஷ்மீர். இன்றைய காஷ்மீர்ப் பள்ளத்தாக்கில் இயற்கையாக வளரும் ஓக் இல்லை. தெற்கே பீர் பஞ்சால் மலைத்தொடரைத் தாண்டினால், பூஞ்ச், ரஜௌரிச் சரிவுகளில் பாஞ்ச் நிற்கிறது. வடக்கே இறங்கினால் தேவதாரு, கைல் பைன், வாதுமைத் தோப்பு, ஆப்பிள் தோட்டம், சினார். ஓக் மட்டும் இல்லை. ஆனால் ஒரு காலத்தில் இருந்தது. இது என் கற்பனையில்லை, கல்லில் இருக்கிறது.

பள்ளத்தாக்கில் கரேவா என்னும் மேட்டு நிலங்கள் உண்டு. பாம்போரில் குங்குமப்பூ விளைவது அவற்றின் மேல்தான். பீர் பஞ்சால் எழும்பத் தொடங்கியபோது தண்ணீர் தேங்கிப் பெரிய ஏரியாகி, சுமார் 40 லட்சம் ஆண்டுகளுக்கு முன்னிருந்து அதில் படிந்த சேறும் மணலும்தான் கரேவா. இன்று லாரி லாரியாக வெட்டி ரயில்பாதைக்கும் சாலைக்கும் மண்ணாகக் கொட்டியிருக்கிறார்கள். ஒவ்வொரு லாரியிலும் எத்தனை இலைப் படிவங்கள் போயிருக்கும் என்று நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது. தாவரவியலாளர் பீர்பல் சாஹ்னி 1936-ல் இந்தப் படிவுகளைப் பற்றி எழுதினார். இன்று வூலர் ஏரியில் வளரும் நீர்ச்செடியான சிங்காடாவின் படிவம், அது பிழைக்கவே முடியாத பீர் பஞ்சால் உயரத்தில் கிடைத்ததைக் காட்டி, இந்த மலை அண்மைக் காலத்தில் எழும்பியது என்று வாதிட்டார். அவருக்குப் பின் ஜி.எஸ். பூரி 1940-களில் கரேவா ஓக்குகளைப் பற்றியே தனியாக எழுதினார். இன்று பள்ளத்தாக்கில் இல்லாத பாஞ்ச், மோரு, கர்சு, பலியாண்ட் வகைகளின் இலைகள் அந்தக் களிமண்ணில் நரம்பு நரம்பாகப் பதிந்திருந்தன.

ஏன் மறைந்தன? பீர் பஞ்சால் உயர உயர, தெற்கிலிருந்து வரும் பருவமழை மலைக்கு அந்தப் பக்கமே கொட்டித் தீர்ந்தது. பள்ளத்தாக்குக்கு மிஞ்சியது பெரும்பாலும் மேற்கிலிருந்து வரும் குளிர்கால மழையும் பனியும்தான். கோடை மழையை நம்பி முளைக்கும் மரத்துக்கு அது போதவில்லை. பனியுகங்கள் வேறு வந்து போயின. செத்த மரம் திரும்பி வரவேண்டுமென்றால் கொட்டை மலையைத் தாண்ட வேண்டும். அது தாண்டவில்லை. இந்த விளக்கம் எனக்கு எப்போதும் நிறைவாகவே இருந்திருக்கிறது.

இலையை வைத்து மலையை அளக்கத் துணிந்த இன்னொருவரையும் இங்கே சொல்ல வேண்டும். லக்னோவில் சாஹ்னியிடம் பயின்ற சீனத் தாவரவியலாளர் சூ ரென். 1964-ல் சீன மலையேற்றக் குழு திபெத்தின் ஷிஷாபங்மா மலையில் 5,700 மீட்டருக்கு மேல் கண்டெடுத்த படிவ இலைகள் கர்சுவை ஒத்திருந்தன. இன்று கர்சு நிற்கும் உயரத்தோடு ஒப்பிட்டு, மலை கிட்டத்தட்ட 3,000 மீட்டர் எழும்பியிருக்கிறது என்று அவரும் சகாக்களும் கணக்கிட்டார்கள். அந்த இலைகள் படிந்த காலத்தில் உலகமே வெப்பமாக இருந்தது, எல்லா உயரத்தையும் மலையின் கணக்கில் எழுத முடியாது என்று பின்னால் வந்தவர்கள் மறுத்தார்கள். மறுக்க முடிந்ததற்குக் காரணம், சூ ரென் இலையையும் கிடைத்த இடத்தையும் உயரத்தையும் அப்படியே எழுதி வைத்திருந்தார். நான் என்ன செய்தேன் என்பதை இதற்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

கரேவா இலைகள் லட்சக்கணக்கான ஆண்டு பழையவை. அதற்குப் பின் என்ன ஆயிற்று என்று சொல்ல ஏரிச் சேறு வேண்டும். காஷ்மீர் ஏரிச் சேற்றில் ஓக் மகரந்தத்தைப் பார்த்த முதல் ஆள் நானல்ல. விஷ்ணு மித்ரே 1963-லேயே பள்ளத்தாக்கில் ஓக்கின் வரலாறு பற்றித் தனிக் கட்டுரை எழுதியிருக்கிறார். அதே காலத்தில் குர்தீப் சிங் காஷ்மீரின் தோஷ்மைதானில் வேலை செய்தார். அவர்கள் தொடங்கியதை நான் முடித்து வைக்க வேண்டும் என்று நினைத்தேன். எண்பதுகளின் பிற்பாதியில், வடக்குப் பக்கத்துச் சதுப்பு ஏரி ஒன்றில் துளையிட்டு நீளச் சேற்றுத் தண்டு எடுத்தோம்.

அதிலிருந்து மகரந்தத்தைப் பிரிப்பது பொறுமையும் பயமும் கலந்த வேலை. காரத்தில் கொதிக்கவைத்து, சல்லடையில் சலித்து, மணலைக் கரைக்க ஹைட்ரோஃபுளோரிக் அமிலத்தில் போட்டு, கடைசியில் ஒன்பது பங்கு அசெட்டிக் அன்ஹைட்ரைடும் ஒரு பங்கு கந்தக அமிலமும் சேர்த்துச் சூடேற்ற வேண்டும். தண்ணீர் ஒரு சொட்டு விழுந்தால் முகத்தில் தெறிக்கும். மற்றதெல்லாம் கரைந்து போக மகரந்தத்தின் மேலோடு மட்டும் பழுப்பு நிறமாய் மிஞ்சும். அதை கிளிசரின் ஜெல்லியில் வைத்து நுண்ணோக்கியில் வரிசை வரிசையாக எண்ணுவோம். பைன் துகளைக் கண் மூடி அடையாளம் சொல்லலாம், இரண்டு பக்கமும் காற்றுப் பை இருக்கும். ஓக் துகள் சிறியது. ஒரு மில்லிமீட்டரின் நூறில் மூன்று பங்கு இருந்தால் அதிகம். மூடுகண்ணாடியை ஊசியால் லேசாகத் தட்டினால் உருளும். உருளும்போது மூன்று பள்ளக் கோடுகள் தெரியும். சொரசொரப்பான மேற்பரப்பு. அதற்கு மேல் அந்த நுண்ணோக்கியில் எதுவும் தெரியாது.

தண்டின் கீழ்ப்பகுதியில் ஓக் நன்றாகவே இருந்தது. மேலே வர வரக் குறைந்தது, ஆனால் அற்றுப்போகவில்லை. ரேடியோகார்பன் காலக்கணக்கு வந்தபோது எனக்குக் கை நடுங்கியது. ஓக் சரியும் இடம், ஸ்ரீநகருக்குப் பக்கத்தில் புர்ஸஹோமில் புதிய கற்கால மக்கள் குழி வீடு அமைத்து வாழத் தொடங்கிய காலத்தோடு ஒட்டி வந்தது. சுமார் 5,000 ஆண்டு. கரேவா இலையிலிருந்து கற்கோடரிவரை அறுபடாத ஒரு சரித்திரம் கையில் வந்து விழுந்துவிட்டதாக நினைத்தேன். சாஹ்னியும் பூரியும் விட்ட இடத்திலிருந்து கதையை மனிதக் காலத்துக்குக் கொண்டுவந்தவள் என்று என் பெயர் நிற்கும் என்று நினைத்தேன். இந்த நினைப்பை இப்போது எழுதவே கூசுகிறது, ஆனால் அப்படித்தான் நினைத்தேன்.

என் வழிகாட்டி ஒரு விஷயத்தில் கண்டிப்பாக இருந்தார். "பாசி எடுக்காமல் ஊர் திரும்பாதே" என்பார். கற்களிலும் மர வேர்களிலும் மெத்தையாக வளரும் பாசி, சில ஆண்டுகளாகக் காற்றில் வந்து விழும் மகரந்தத்தைப் பிடித்து வைத்திருக்கும். இன்று சுற்றிலும் என்ன மரம் நிற்கிறது என்பது கண்ணுக்குத் தெரியும். அது பாசியில் என்ன விகிதத்தில் விழுகிறது என்று தெரிந்தால்தான் பழைய சேற்றில் உள்ள விகிதத்துக்குப் பொருள் சொல்ல முடியும். நானும் ஏரியைச் சுற்றி எடுத்தேன். உதவிக்கு வந்த காஷ்மீரிப் பெரியவரிடம் ஓக் இலையின் படத்தைக் காட்டி, இந்த மரம் இந்தப் பக்கம் எங்காவது நிற்கிறதா என்று கேட்டேன். "இங்கே இல்லை மகளே, பூஞ்சுக்குப் போ" என்றார்.

மற்ற வேலையெல்லாம் முடிந்து, ஆய்வேட்டின் கடைசி அத்தியாயத்தையும் எழுதிய பிறகுதான் அந்தப் பாசி ஸ்லைடுகளை எண்ண உட்கார்ந்தேன். இது முதல் தவறு. முதலிலேயே எண்ணியிருக்க வேண்டும். ஸ்லைடில் ஓக் இருந்தது. ஒரு மரம்கூட இல்லாத இடத்துப் பாசியில், தண்டின் மேல்பாதியில் நான் "ஓக் காடு" என்று எழுதிய அடுக்குகளில் இருந்த அதே அளவுக்கு ஓக் இருந்தது.

அதற்கு என்ன பொருள் என்று எனக்கு அந்த நிமிடமே புரிந்தது. பீர் பஞ்சாலுக்குத் தெற்கிலிருந்து காற்று தூக்கிவந்து போட்ட மகரந்தம். இன்று அப்படி வருமென்றால் நாலாயிரம் ஆண்டுகளுக்கு முன்பும் வந்திருக்கும். மேல்பாதிக்குக் காடு தேவையில்லை, காற்று போதும். கீழ்ப்பகுதி வேறு விஷயம், அங்கே அளவு அதிகம். ஆனால் என் கதையே மேல்பாதியில்தான் நின்றது.

புரிந்த அடுத்த நிமிடமே மனது சாக்கு தேடத் தொடங்கியது. ஸ்ரீநகர்த் தோட்டங்களில் வெள்ளைக்காரர்கள் காலத்தில் நட்ட ரோபர் ஓக்குகள் உண்டு. இந்தத் துகள்கள் அந்த மரங்களிலிருந்து வந்தவை என்றால்? அப்படியானால் பாசி என் கதையைப் பாதிக்காது. ஐலெக்ஸ் துகளையும் ரோபர் துகளையும் என் நுண்ணோக்கியில் பிரித்துச் சொல்ல முடியாது. ஆகவே யாரும் மறுக்க முடியாது. இப்படி வாதாடியது நான்தான், தீர்ப்பு சொன்னதும் நான்தான். இந்தச் சந்தேகத்தையாவது எழுதியிருக்கலாம்: பாசியில் ஓக் இருக்கிறது, நட்ட மரங்களிலிருந்து வந்திருக்கலாம் என்று. அதை எழுதினால் தேர்வாளர் நிச்சயம் கேட்பார். அதனால், "தற்கால மேற்பரப்பு மாதிரிகளில் எண்ணுவதற்குப் போதுமான மகரந்தம் கிடைக்கவில்லை" என்று ஒரே வாக்கியத்தில் முடித்தேன். ஸ்லைடுகளை மரப்பெட்டியில் வைத்துப் பூட்டினேன்.

யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. வழிகாட்டி என்னை நம்பினார். நம்பியதால்தான் பெட்டியைத் திறந்து காட்டச் சொல்லவில்லை. வேலை கிடைக்காதோ என்ற பயம் இருந்தது உண்மை. தெற்கிலிருந்து தனியாக வந்து, இந்தி தட்டுத் தடுமாறிப் பேசி, ஒவ்வொரு படியிலும் என்னை நிரூபிக்க வேண்டியிருந்ததும் உண்மை. என்னைப்போலவே வந்த மற்றவர்கள் பொய் எழுதவில்லை என்பதும் உண்மை.

கட்டுரை வெளிவந்தது. அதில் இன்னொரு பத்தியும் சேர்த்திருந்தேன்: ஓக் அழிந்ததற்குப் புர்ஸஹோம் மக்கள் விறகுக்கும் மேய்ச்சலுக்கும் காட்டை வெட்டியது காரணமாகலாம் என்று. படித்தவர்களுக்கு மிகவும் பிடித்த பத்தி அதுதான். வகுப்பில் அந்த இடத்துக்கு வரும்போது மாணவர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள்.

வேறு யாராவது போய்ப் பாசி எடுத்திருந்தால் விஷயம் உடனே வெளிப்பட்டிருக்கும். ஆனால் 1989-க்குப் பிறகு பள்ளத்தாக்கில் நிலைமை மோசமாகி, களப்பணி வருடக்கணக்கில் நின்றுபோனது. அங்கே மக்கள் உயிரிழந்துகொண்டிருந்தபோது, இங்கே என் மனதின் ஒரு மூலையில் நிம்மதி இருந்தது, இப்போதைக்கு யாரும் சரிபார்க்கப் போவதில்லை என்று. என் வாழ்க்கையில் நான் மிக அதிகமாக வெட்கப்படுவது அந்த நிம்மதிக்காக.

பிறகு களப்பணி மறுபடி தொடங்கியது. ஆய்வு மாணவர் ஒருவர் என் கட்டுரையை நம்பி அந்த ஏரிக்குப் போனார். ஓக் காடு இருந்திருந்தால் அதன் மிச்சம் கரையோரச் சேற்றில் இருக்க வேண்டும்: கொட்டைக் கிண்ணம், இலைத் துண்டு, கரி. மகரந்தம் பறந்து வரலாம், கிண்ணம் பறந்து வராது. சரியான யோசனை. அவர் தோண்டினார், சலித்தார். வில்லோ கிடைத்தது, பைன் ஊசி கிடைத்தது. ஓக்கின் ஒரு துணுக்கும் கிடைக்கவில்லை. ஆண்டுகள் போயின. தேடத் தெரியாமல் தேடுகிறார் என்று அவருடைய மேற்பார்வையாளர்கள் முடிவு கட்டினார்கள். அவரும் அப்படித்தான் நினைத்தார்.

ஒருநாள் என் அறைக்கு வந்தார். ரொம்பத் தயங்கி, "மேடம், அந்தப் பழைய பாசி மாதிரிகள் பற்றி ஏதாவது குறிப்பு இருக்குமா? குறைவாகக் கிடைத்த எண்ணிக்கையாக இருந்தாலும் பரவாயில்லை" என்று கேட்டார்.

பெட்டி எனக்குப் பின்னால் இருந்த அலமாரியில்தான் இருந்தது. "அதெல்லாம் கட்டடம் மாறும்போது தொலைந்துபோச்சுப்பா" என்றேன். அவர் நன்றி சொல்லிவிட்டுப் போனார். முதல் பொய்யை ஒரு தாளிடம் சொன்னேன். இந்தப் பொய்யை, என்னால் கஷ்டப்பட்டுக்கொண்டிருந்த ஒரு மனிதரின் முகத்தைப் பார்த்துச் சொன்னேன். பெட்டியை அன்றே எடுத்துக் கொடுத்திருந்தால் அவருடைய ஆய்வு அந்த ஆண்டே நேராகியிருக்கும். அவர் அந்தத் தலைப்பைக் கைவிட்டு வேறு வேலைக்குப் போனார்.

என்னை உடைத்தது ஒரு படம். ஓக் மகரந்தத்தின் மேற்பரப்பை மின்னணு நுண்ணோக்கியில் பார்த்தால் பிரிவுக்குப் பிரிவு வேறுபாடு தெரிகிறது என்று டெங்க், கிரிம் இருவரும் 2009-ல் எழுதிய கட்டுரையில் இருந்த படம். ரோபர் ஓக்கின் பிரிவில் மேற்பரப்பு பருப் பருவாக இருக்கிறது. ஐலெக்ஸில் நுண்ணிய குச்சிகளை அள்ளித் தெளித்தாற்போல இருக்கிறது. கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் வம்சம் இரண்டாகப் பிரிந்ததன் தடம், ஒவ்வொரு துகளின் தோலிலும் இன்றைக்கும் இருக்கிறது. பிரித்துச் சொல்லவே முடியாது என்பதை நம்பித்தான் நான் பெட்டியைப் பூட்டியிருந்தேன். அந்தச் சாக்கு போயிற்று. அதற்குப் பிறகும் ஓய்வு பெறும்வரை நான் வாய் திறக்கவில்லை. இதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

ஓய்வு பெற்ற பின் அந்த இளைஞரைத் தேடிப் பிடித்துக் கடிதம் எழுதினேன். இங்கே எழுதியிருப்பது முழுவதையும் அதில் எழுதினேன். கோபமான பதிலை எதிர்பார்த்தேன். வந்தது மூன்று வரி. எந்தெந்த இடத்தில் எடுத்த பாசி, அமிலத்தில் சுத்தம் செய்த மிச்சம் குப்பியில் இருக்கிறதா, தண்டின் மீதி எங்கே இருக்கிறது. என்னைப் பற்றி ஒரு சொல் இல்லை. நான் நேரில் போய்ப் பெட்டியையும் குப்பிகளையும் நோட்டுப் புத்தகங்களையும் கொடுத்தேன். தொலைந்துபோச்சு என்று நான் சொன்னதை அவர் நினைவுபடுத்தவில்லை. நான்தான் சொன்னேன். "தெரியும் மேடம்" என்றார்.

பழைய நண்பர் ஒருவரின் உதவியோடு அவர் அந்தத் துகள்களை மின்னணு நுண்ணோக்கியில் பார்த்தார். பாசியில் இருந்தவற்றில் பெரும்பாலானவை ஐலெக்ஸ். ஸ்ரீநகர்த் தோட்டத்து ரோபர் ஓக்குகளிலிருந்து வந்தவை அல்ல; மலைக்கு அந்தப் பக்கத்துப் பாஞ்சிலிருந்து வந்தவை. சேற்றுத் தண்டின் மேல்பாதியில் உள்ளவையும் அப்படியே. நான் எந்தச் சந்தேகத்தைச் சாக்காக வைத்துக்கொண்டேனோ அது சரியாக எனக்கு எதிராகத் தீர்ந்தது.

ஆகவே என் கட்டுரையைக் கையில் வைத்திருப்பவர்களுக்குச் சொல்கிறேன். கரேவா இலைகளைப் பற்றி அதில் உள்ளது எல்லாம் சாஹ்னி, பூரி முதலியவர்களின் வேலை. இலையைக் கண்ணால் கண்டு எழுதியது, அதை நம்பலாம். மகரந்த வரைபடத்தில் மேல்பாதியில் ஓக் என்று கறுப்பாக நிரப்பியிருக்கும் பட்டையைக் காடு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். கீழ்ப்பகுதியில் அளவு அதிகமாக இருக்கிறது. அதை அந்த இளைஞர் இப்போது முதலிலிருந்து எண்ணிக்கொண்டிருக்கிறார். இந்தத் தடவை பீர் பஞ்சாலின் இரண்டு சரிவுகளிலிருந்தும் பாசி எடுத்து, அந்த எண்ணிக்கையை முதல் அட்டவணையாகவே போடப் போகிறார். என் பெயர் அதில் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

புர்ஸஹோம் பத்தியை முழுவதுமாக நீக்கும்படி ஆய்விதழைக் கேட்டிருக்கிறேன். அந்த மக்கள் ஏரிக்கரையில் ஓக்கை வெட்டினார்கள் என்பதற்கு என்னிடம் ஒரு கரித்துண்டுகூட எந்தக் காலத்திலும் இருந்ததில்லை.